இஞ்ஞாசி அண்ணாச்சிக்குள் இறங்கிய இரைச்சல்

சாளைத்துறையில் இஞ்ஞாசி அண்ணாச்சி இரையத் தொடங்கிய அன்று ஊரில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, ஏனென்றால் அவர் வயதுக்கும் உடம்புக்கும் ஏதாவது ஒன்று வந்தே தீரும் என்று எல்லோரும் நினைத்துத்தான் இருந்தார்கள், சிலருக்குச் சர்க்கரை வருகிறது, சிலருக்கு மூட்டுவலி வருகிறது, அவருக்கு இரைச்சல் வந்தது. காலையில் வீட்டின் இரும்புக் கேட்டில் கை வைத்தார், திறந்தார், தெருவில் இறங்கினார், இறங்கியதுமே அவர் நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து 'ம்ம்ம்ம்' என்று, கோயிலில் மைக்கைப் போட்டுவிட்டுப் பேசுகிறவர் வருவதற்கு முன்னால் குழாயில் கேட்குமே, அந்தச் சத்தம், மூச்சு வாங்காமல் வந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க கிட்ட எதோ ஆன்ல கெடக்கு, பாருங்க" என்றார். அண்ணாச்சி போனை அணைத்துப் பார்த்தார், சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார், பிறகு டீயைக் குடித்தார். குடிக்கிற நேரத்தில் மட்டும் சத்தம் கொஞ்சம் ஈரமாகக் கேட்டது.

கோயில் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் தன் வீட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு இதையெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் முன்னால் இருந்த அலுமினிய டப்பா, இத்தனை நாளும் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த டப்பா, பட்டென்று வாயை மூடிக்கொண்டது. அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள், ஒன்றுமில்லை, சுத்தமாக ஒன்றுமில்லை. ஜெசிந்தா சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, அதுவும் நல்ல சிரிப்பு அல்ல.

அந்த டப்பா அவளே செய்தது. மிக்ஸி, ரேடியோ, எமர்ஜென்சி லைட் என்று ஊரில் எது கெட்டாலும் அவளிடம்தான் வரும், ஈயம் பத்தவைக்கிற புகையிலேயே வளர்ந்தவள், அவளுடைய அண்ணன் அல்போன்ஸ் இஞ்ஞாசி அண்ணாச்சியின் இசைக்குழுவில் கிதார் வாசித்தான், வாசிக்கிற கிதார் சில இடங்களில் துணி கிழிகிற மாதிரிக் கிழிய வேண்டும் என்று அவனுக்கு ஒரே ஆசை, அப்படிக் கிழிக்கிற பெடல் கடையில் விற்கிற விலைக்கு அவன் ஒரு வருடம் கல்யாண வீடுகளில் வாசிக்க வேண்டியிருக்கும், ஆகவே தங்கச்சி அவனுடைய பழைய பள்ளிக்கூட டிபன் பாக்ஸை எடுத்து, உள்ளே டிரான்சிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்துப் பத்தவைத்து, மேலே காலால் அமுக்குகிற ஒரு பித்தானைப் பொருத்திக் கொடுத்துவிட்டாள். மிதித்தால் கிதார் கிழியும், மறுபடி மிதித்தால் சமர்த்தாகிவிடும். ஊர்ப் பிள்ளைகள் அதற்கு மிதி டப்பா என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் இருந்தது ஒரு சின்னச் சதுர பேட்டரி, நாக்கில் வைத்தால் புளிக்கும், அதற்கு மேல் அதனால் ஒரு ஈயைக் கூடக் கொல்ல முடியாது.

ஒரு கல்யாண வரவேற்பில் தூறல் விழுந்துகொண்டிருந்தது, மேடைக் கம்பளம் நனைந்திருந்தது, பெரிய ஆம்ப்ளிஃபயரிலிருந்து 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்து பெண்வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். சவுண்ட் சர்வீஸும் இசைக்குழுவும் இரண்டுமே இஞ்ஞாசி அண்ணாச்சியுடையவை, ஆகவே அவரே மேடைக்குப் பின்னால் போனார், கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அறுத்த மாதிரி நின்றது, ஜனங்கள் கைதட்டினார்கள், அல்போன்ஸ் கிதார்க் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தான், அப்படியே நின்றான், பிறகு விழுந்தான். ஜெசிந்தா ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினாள். மூன்று கால் இருக்க வேண்டிய பிளக்கில் இரண்டுதான் இருந்தது. மேலே தடிப்பாக ஒன்று இருக்குமே, கெட்டுப்போன கரண்டை மண்ணுக்கு அனுப்புகிற எர்த் பின், அதை யாரோ வெட்டியிருந்தார்கள், வெட்டிய இடம் புதிதாக மின்னியது. அதை வெட்டினால் சில நேரம் இரைச்சல் போகும், கூடவே மனிதனும் போவான், இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் வெட்டுவார்கள்.

மறுநாள் அவள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது அதே ஆம்ப்ளிஃபயரில் மூன்று கால் பிளக் புத்தம் புதிதாக இருந்தது. இஞ்ஞாசி அண்ணாச்சி துக்க வீட்டில் எல்லோரையும் விட அதிகமாக அழுதார், அடக்கத்துக்குக் குழாய் செட்டை இனாமாகக் கட்டினார், அந்தக் குழாயிலேயே, "வீட்டுல செஞ்ச சாமான நம்பி மேடை ஏறாதிய மக்கா, ஈயப்பத்து சரியில்லன்னா கரண்டு திரும்பிரும், பாசத்துல தங்கச்சி செஞ்சா, அவளக் குத்தம் சொல்லக் கூடாது" என்று சொன்னார். குத்தம் சொல்லக் கூடாது என்று அவர் சொன்ன பிறகுதான் ஊர் சொல்லத் தொடங்கியது. தங்கச்சி பத்தவைத்த டப்பா அண்ணனைக் கொன்றுவிட்டது என்பது சாளைத்துறையில் கடல் கிழக்கே இருக்கிறது என்பது போல ஆகிவிட்டது, அவளிடம் மிக்ஸி வருவது நின்றது, அண்ணாச்சியின் மேடைகளில் 'வீட்டில் செய்த கருவிகளுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு பலகை தொங்கியது.

அவள் அந்த டப்பாவைக் குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள், குறையில்லாமல் செய்து, அதை மேடையில் ஏற்றி, ஊர் முன்னால் மிதித்து, பாருங்கடா என்று காட்ட வேண்டும். ஆனால் டப்பா இரைந்தது. துளி இரைச்சல் இருந்தாலும் "பாத்தியா, அப்பவே சொன்னோம்" என்பார்கள். இரைச்சலைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டுக் கேட்க வேண்டும், அவசரப்பட்டு இரண்டை மாற்றினால் எது திருடன் என்று கடைசி வரை தெரியாது. அவள் பேட்டரியை மாற்றினாள், இரைந்தது. டியூப்லைட்டை அணைத்தாள், ஃபிரிட்ஜை அணைத்தாள், பக்கத்து வீட்டில் போய் ஃபேனையும் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள், இரைந்தது. ஒயரை மாற்றினாள், ஜாக்கை மாற்றினாள், ஈர்க்குச்சியால் உள்ளே ஒவ்வொரு கம்பியையும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், ஒவ்வொரு ஈயப்பத்தையும் மறுபடி உருக்கினாள், மூடிக்கு உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டினாள், கெபாசிட்டர் கட்டிய ஒரு கம்பியை வைத்துக்கொண்டு கிதார்ச் சத்தம் நுழைகிற வாசலிலிருந்து வெளியேறுகிற வாசல் வரைக்கும் டாக்டர் குழாய் வைக்கிற மாதிரி வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள், எல்லா இடத்திலும் ஒரே இரைச்சல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியாக பேட்டரியைக் கழற்றினாள், ஒயர்களைக் கழற்றினாள், ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள், மேசை மேல் வெறும் டப்பா இருந்தது, 'ம்ம்ம்' என்றது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இது டப்பாவின் இரைச்சல் இல்லை, அன்றைக்கு மேடையில் அறுபட்ட இரைச்சல். போவதற்கு இருந்த வழியை வெட்டிவிட்டார்கள், மண்ணுக்குப் போக முடியவில்லை, அல்போன்ஸின் வழியாகப் பாதி போனது, மீதி அவன் காலடியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த மிதி டப்பாவுக்குள் புகுந்துகொண்டது. ஜெசிந்தா ஆச்சரியப்படவில்லை, அவள் ரிப்பேர்க்காரி, காரணம் தெரிந்தால் போதும். போக வழியில்லாத இரைச்சலுக்கு எர்த் கொடுக்க வேண்டும், யார் மண்ணில் கொடுப்பது என்பதுதான் கேள்வி, அந்தக் கேள்விக்கு அவளிடம் இரண்டு வருடமாக ஒரே பதில்தான் இருந்தது. அந்த இஞ்ஞாசி நெஞ்சில் இறங்கட்டும், அவன் சோற்றில் இறங்கட்டும், அவன் படுக்கையில் இறங்கட்டும் என்று சொல்லிக்கொண்டே டப்பாவின் உடம்பில் ஒரு ஒயரை நட்டுப் போட்டு முறுக்கினாள், பட்டப்பகலில் அதைக் கோயில் மதில் மேல் ஏற்றி, புன்னை மரக்கிளையில் சுற்றி, தெருவைக் கடத்தி, இஞ்ஞாசி அண்ணாச்சி வீட்டு இரும்புக் கேட்டில் கொண்டுபோய்க் கட்டினாள். யாரும் என்ன என்று கேட்கவில்லை, வருடம் முழுவதும் திருவிழாவும் கல்யாணமுமாகத் தெருவில் ஒயர் ஓடுகிற ஊர் அது. அண்ணாச்சியே மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஒசத்திக் கட்டும்மா, மாடு இடறிறப் போவுது" என்றார். அவள் உயர்த்திக் கட்டினாள். அடுத்த நாள் காலையில் அவர் கேட்டைத் திறந்தார்.

அவர் துடிப்பார், ஓடுவார், தன்னிடம் வந்து விழுவார் என்று அவள் காத்திருந்தாள். ஊர்கள் எப்படிப்பட்டவை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அண்ணாச்சி கூச்சப்பட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றார், பாடகர் குழுவின் சூசை மாஸ்டர் கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்டார், ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கினார், "சுத்தமான ஜி சுருதி, ஒரு மயிரிழைதான் கூடுதல்" என்றார், அன்றிலிருந்து பாடகர் குழு அண்ணாச்சியிடம்தான் சுருதி பிடித்தது, சாளைத்துறை மாதாவுக்கு அதுவரை யாரும் அப்படிச் சேர்ந்து பாடிக் காட்டியதில்லை. பிறகு வயிற்றுவலியில் வீரிட்டுக்கொண்டிருந்த ஒரு கைப்பிள்ளை அவர் பக்கத்தில் வந்ததும் கண் சொருகித் தூங்கியது, அடுத்த வாரம் அண்ணாச்சி வீட்டு முன்னறையில் பிள்ளைத்தாய்ச்சிகளும் பிள்ளை பெற்றவர்களும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெறுங்காலோடு மண்ணில் நிற்கிறவர் அண்ணாச்சியைத் தொட்டால் அவர் சத்தம் நின்றுவிடும், தொட்டவருக்குக் கால் வழியாக எறும்பு ஊர்வது போல இருக்கும் என்பதையும் ஊர் சீக்கிரம் கண்டுபிடித்துக்கொண்டது, ஆகவே பிள்ளையைக் கொடுக்கிறவர்கள் செருப்பைக் கழற்றாமலே கொடுத்தார்கள், பூசையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் போது மட்டும் அவர் கொஞ்ச நேரம் அமைதியானார். அவர் தெருவில் வந்தால் வீடு வீடாக டிவியில் கோடு ஓடும், அதைப் பார்த்துவிட்டு அவருடைய வேலைக்காரப் பையன்கள் பீடியை அணைத்துவிட்டு ஒயர் சுற்ற ஆரம்பிப்பார்கள். மழை மூட்டத்தில் திசை தெரியாமல் தவித்த வள்ளங்கள் கரையில் நின்ற அவர் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தன. ஒயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, அதை யாரும் கெட்ட காரியமாக நினைக்கவில்லை, ஜெசிந்தா ஊருக்கு ஒரு நல்லது செய்திருக்கிறாள் என்று கூடச் சிலர் சொன்னார்கள்.

அண்ணாச்சிக்கும் அது பிடித்துவிட்டது. "அந்த அல்போன்ஸ் பயதான் மேல இருந்து எனக்கு இந்த வரத்த வாங்கிக் குடுத்துருக்கான்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார், சொல்லும்போது கண் கலங்கினார், கேட்டவர்களும் கலங்கினார்கள். இதைக் கேட்ட அன்று ஜெசிந்தா கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போய் ஒயரை நடுத்தெருவில் வெட்டி எறிந்தாள். டப்பா வீட்டுக்குள் உறுமத் தொடங்கியது, அண்ணாச்சி அமைதியானார், ஊரில் கைப்பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் அழுதன. சூசை மாஸ்டர் வந்து வாசலில் நின்றார்.

"ஏட்டி, ஒனக்கு அவர் மேல கோவம்னா அது ஒன்னோட. ஒயரு ஊர்ச் சொத்து."

"அவரு எங்க அண்ணனக் கொன்னவரு மாஸ்டர்."

"அத விடு, முடிஞ்ச கத. நாளைக்குப் பூசைக்குச் சுருதிக்கு நான் எங்க போவேன்?"

அவர் போகிற வழியில் தானே ஒயரை முறுக்கிவிட்டுப் போனார். ஜெசிந்தாவின் பழியை ஊர் அவள் கையிலிருந்து பிடுங்கித் தொட்டிலாகக் கட்டிவிட்டது, அவளுக்கு ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சியின் மனைவி செசிலி ஒருத்திதான் எதுவும் சொல்லவில்லை. எப்படிக்கா இந்தச் சத்தத்தில் தூங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால் "பழகிருச்சு" என்பாள், மீன் ஏலத்தில் ஜெசிந்தாவை நேருக்கு நேர் பார்த்த அன்று மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாதா திருவிழாவுக்கு அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்துவது என்று பங்குப் பேரவை முடிவு செய்தது. கடற்கரை மணலில் மேடை போட்டு, அவருடைய குழாய்களே நாலு திசையிலும் கட்டி, பலகையும் வழக்கம் போலத் தொங்க, மாலையில் லேசாகத் தூறல் விழ, பங்குச்சாமி ஆடை போர்த்தியதும் அண்ணாச்சி ஏற்புரைக்காக மைக்கைப் பிடித்தார். அவர் நெஞ்சுச் சத்தம் மைக்கில் இறங்கி அத்தனை குழாயிலும் பெருகி வெளியே வந்தது, மணல் அதிர்ந்தது, காக்கைகள் பறந்தன, அவர் உதடு அசைவது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. அவர் பையன்கள் மைக்கை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள், பெட்டியைத் தட்டினார்கள். வருடக்கணக்காகத் தன் குழாயில் பிறர் பேசக் கேட்டவர், தான் பேசப்போகிற நாளுக்காகத் தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்தவர், கூட்டம் சிரிக்கத் தொடங்கியதைப் பார்த்து வியர்த்துப்போனார். சூசை மாஸ்டர் அவர் காதில் போய், "ஜெசிந்தாவக் கூப்புடுவோமா அண்ணாச்சி? அந்தச் சத்தத்தோட போக்கு அவளுக்குத்தான் தெரியும்" என்று கத்தினார். அண்ணாச்சி கையை உதறினார், எவளையாவது கூப்பிட்டுத் தொலை என்கிற மாதிரி.

ஜெசிந்தா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். செருப்பை மணலில் விட்டுவிட்டுப் படி ஏறினாள், ஈரக் கம்பளத்தில் வெறுங்கால் பட்டது. அவள் அவசரப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று என்கிற கணக்கில் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒயரை அங்குலம் அங்குலமாக விரலால் உருவினாள், மேடை விளக்குகளை அணைக்கச் சொன்னாள், போடச் சொன்னாள், பெட்டியின் ஒவ்வொரு திருகையும் தொட்டாள், பங்குச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தில் சீழ்க்கை அடித்தார்கள், பொன்னாடைக்குள் அண்ணாச்சி வெந்துகொண்டிருந்தார், அவர் வேகட்டும் என்று அவள் இன்னும் மெதுவாகச் செய்தாள். பிறகு பிளக் பலகை வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். சத்தம் நின்றது. அவள் உடம்பு வழியாக எறும்புப் படையாக இறங்கி ஈரக் கம்பளத்துக்குள் போனது, குழாய்கள் எல்லாம் சுத்தமாயின, தூறல் மைக்கில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாம் பாத்துட்டேன். மைக்கு நல்லாருக்கு, ஒயரு நல்லாருக்கு. கைய எடுத்தா மறுபடி வந்துரும்" என்று அவள் பணிவாகச் சொன்னாள். "இனி என்ன செய்யணும் அண்ணாச்சி? ஒங்களுக்குத் தெரியாததா?"

அண்ணாச்சி தொழில்காரர், அவமானத்தில் இருந்தார், அவசரத்தில் இருந்தார், மைக் அவர் உதட்டுக்கு முன்னால் இருந்தது. இரைச்சலுக்கு என்ன மருந்து என்று எப்போது கேட்டாலும் அவர் வாயில் ஒன்றுதான் வரும், அதை யோசித்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

"இம்புட்டு நேரம் என்னத்தத் தடவிட்டு நிக்க? எர்த் பின்ன வெட்டி விடு, செத்துரும். அந்தக் கல்யாண வீட்டுல நான் வெட்டுன ஒடனே நிக்கல?"

நாலு திசைக் குழாயும் அதைச் சொன்னது. அதைக் கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. சாளைத்துறையில் அந்தக் கல்யாண வீடு என்றால் அது ஒன்றுதான். ஜெசிந்தா அவர் கையை விடவில்லை, மற்றக் கையால் இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அதைச் செய்துவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"சரி, வெட்டி மாட்டிருதேன். மழ பெய்யுது, நனஞ்ச கம்பளத்துல நிக்கியோ, மைக்கப் புடிச்சிருக்கியோ. வெட்டட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன், சத்தம் நின்னுரும்லா?"

"வேண்டாம்மா." அவர் குரல் பிள்ளைக் குரலாகிவிட்டது. "ஆளக் கொன்னுரும்."

"அப்ப எங்க அண்ணனக் கொன்னது என் டப்பாவா?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார், பங்குச்சாமியைப் பார்த்தார், முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்த செசிலியைப் பார்த்தார், கடைசியில் கட்டிங் பிளேயரைப் பார்த்தார். "இல்ல" என்றார். அந்த ஒரு சொல் குழாய்களில் ஏறி, வள்ளங்களைத் தாண்டி, கடல் வரைக்கும் போனது. ஜெசிந்தா கையை விட்டாள்.

உண்மையைச் சொன்னதும் இரைச்சல் நின்றுவிட்டது என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். நிற்கவில்லை. ஒயர் கேட்டில் கட்டியபடியே இருந்தது, அதை அவிழ்க்க ஜெசிந்தாவுக்கு மனம் இல்லை, அவள் மாடத்தில் வைத்த மாதா சுரூபம் இல்லையே, மனுசி. மறுநாள் மேடையில் அந்தப் பலகையை யாரோ கழற்றியிருந்தார்கள், அவள் ஒயரை அவிழ்க்காமலே நீட்டி மிதி டப்பாவை மேடைக்குக் கொண்டுவந்து, அண்ணனின் கிதாரை மாட்டிக்கொண்டு மிதித்தாள், துளி இரைச்சல் இல்லாமல் கிதார் கிழிந்தது, பெண்கள் பக்கத்தில் பலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள், வீட்டிலிருந்த மிக்ஸிகள் எல்லாம் அந்த வாரமே அவளிடம் திரும்பி வந்தன, சிலது கெடாமலேயே வந்தன.

இஞ்ஞாசி அண்ணாச்சியின் சத்தம் அதே ஜிதான், அதே மயிரிழைதான், ஆனால் பிள்ளைகள் அதைக் கேட்டால் இப்போது அழுதன, அல்லது தாய்மார்கள் அப்படிச் சொன்னார்கள். சூசை மாஸ்டர் சுருதிப்பெட்டி வாங்கினார். பூசையில் சமாதானம் சொல்ல ஒருவரும் அண்ணாச்சி பக்கம் கை நீட்டவில்லை, ஆகவே அவருக்கு அந்த ஒரு நிமிட அமைதியும் போயிற்று. அவர் ஒயரை வெட்டினார். விடிந்தபோது அது சேர்ந்திருந்தது. மறுபடி வெட்டினார், மறுபடி சேர்ந்திருந்தது, ஜெசிந்தா ஒருமுறை கூட வீட்டை விட்டு இறங்கவில்லை, டீக்கடைக்காரர் ஒருநாள் முறுக்கினார், மீன்காரிகள் ஒருநாள் முறுக்கினார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் போகிற போக்கில் முறுக்கிவிட்டுப் போயின, யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, வாசல் தெளிப்பது போல அது ஊரில் ஒரு வேலை ஆகிவிட்டது. முன்பு ஒயரை ஊர்ச் சொத்து என்று சொன்னவர்கள்தான் இவர்கள், இப்போதும் அதையேதான் சொன்னார்கள்.

துறையில் பெரிய மீன்பாடு பட்டு ஊர் முழுவதும் கரையில் மீன் வாரிக்கொண்டிருந்த ஒரு நாளில் ஒயரை யாரும் கவனிக்கவில்லை. டப்பா முந்தின சாயங்காலத்திலிருந்தே உறுமியதால் அறுந்திருக்கிறது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். காலையில் அவள் எழுந்து கதவைத் திறந்தபோது செசிலி வாசலில் நின்றாள், கையில் ஒயரின் அறுந்த நுனி.

"இது அறுந்து கெடந்துச்சு. எனக்கு முறுக்கத் தெரியல" என்றாள் செசிலி. "அவரு தூங்குதாரு ஜெசிந்தா. நேத்துப் படுத்தவரு இன்னும் எந்திரிக்கல, குறட்ட விட்டுத் தூங்குதாரு. ஒங்க அண்ணன அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கும் இப்படித்தான் தூங்குனாரு. மறுநா அவரு சட்டைய ஊறப்போடும்போது பையில வெட்டுன அந்த எர்த் பின் கெடந்துச்சு. எடுத்துக் கெணத்துல போட்டுட்டேன், எவட்டயும் சொல்லல. இப்ப அவரு தூங்குறதப் பாத்துட்டு இருக்க என்னால முடியல. நீ வந்து சேத்து விடு."

ஜெசிந்தாவுக்கு அவளை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது. இரண்டு வருடம் இவள் வாயைத் திறந்திருந்தால், இரண்டு வருடம் ஊர் தன்னைக் கொலைகாரி என்று சொல்லியிருக்காது, எல்லாம் இவளுக்குத் தெரியும், தெரிந்தும் சோறு பொங்கினாள், மீன் வாங்கினாள், கோயிலுக்கு வந்தாள். ஜெசிந்தா உள்ளே போனாள், கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வந்தாள், அதைச் செசிலியின் கையில் வைத்தாள்.

"நான் சேக்க மாட்டேன். வாங்க, சொல்லித் தாரேன், நீங்களே சேருங்க. இனி எப்ப அறுந்தாலும் நீங்கதான் சேக்கணும்."

இரண்டு பேரும் மதிலைச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக் கேட்டுக்குப் போனார்கள். ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, "மேல் தோலச் சீவுங்க, கம்பிய வெட்டிராதிய, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போடுங்க, இப்பத் திருகுங்க, இன்னும் நல்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். செசிலி உதட்டைக் கடித்துக்கொண்டு திருகினாள், இறுக்கினாள். உள்ளே 'ம்ம்ம்ம்' என்று எழுந்தது, குறட்டை நின்றது.